எடை கூடினால் பலம் கூடுமா? ஓநாய்க்கலப்பு நாய்கள் பற்றி வாசகர் கேள்வி - பதில்

ஓநாய்க்கலப்பு நாய்களின் உடல் அளவு, அதையொட்டி வரும் நோய்கள், வேலைத்திறன் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவமும் வேலைநாய்ப் பயிற்சியும் அறிந்த எங்கள் குழு பதில் தருகிறது.

கேள்வி: 65, 70 கிலோ வரை வளரும் என்று சொல்லி ஓநாய்க்கலப்புக் குட்டிகளை விற்கிறார்கள். இந்த அளவு இயல்பானதுதானா?

இல்லை. காட்டு ஓநாயே அந்த அளவுக்கு வளர்வது அரிது. ஐரோப்பாவில் வளர்ந்த ஆண் ஓநாய் பெரும்பாலும் 30 முதல் 45 கிலோ இருக்கும். அரேபிய ஓநாய் 20 கிலோவை ஒட்டியே நிற்கும். வட அமெரிக்காவின் வடமேற்குப் பகுதி ஓநாய்கள்தான் பெரியவை. அங்கே 50 கிலோ ஆண்கள் உண்டு, 60 கிலோவைத் தாண்டுபவை மிகச் சில.

முறையாக உருவாக்கப்பட்ட இரண்டு இனங்களைப் பாருங்கள். 1955-இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் கார்பாத்திய ஓநாயையும் ஜெர்மன் ஷெப்பர்டையும் கலந்து தொடங்கிய சோதனையிலிருந்து வந்தது செக்கோஸ்லோவாக்கிய உல்ஃப்டாக். சர்வதேச நாய் இன அமைப்பான எஃப்.சி.ஐ.யின் வரையறைப்படி ஆணுக்குக் குறைந்தபட்ச உயரம் 65 செ.மீ., எடை 26 கிலோ. பெண்ணுக்கு 60 செ.மீ., 20 கிலோ. 65 செ.மீ. உயரத்துக்கு 26 கிலோ போதும் என்று அந்த வரையறையே ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கவனியுங்கள். நெதர்லாந்தில் லேண்டெர்ட் சார்லோஸ் 1930-களில் தொடங்கிய சார்லோஸ் உல்ஃப்டாக் சற்று உயரமானது: ஆண் 65 - 75 செ.மீ., பெண் 60 - 70 செ.மீ. அதன் எடையும் பெரும்பாலும் 45 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் 70 கிலோ எங்கிருந்து வருகிறது? மூன்று வழிகள் உண்டு. மாலமூட் போன்ற கனத்த இனத்தையோ அதைவிடப் பெரிய இனத்தையோ கலந்திருப்பார்கள்; அல்லது நாய் கொழுத்திருக்கும்; அல்லது குளிர்காலத்து அடர்ந்த உரோமத்தைப் பார்த்துக் கண்மதிப்பாகச் சொல்லியிருப்பார்கள். ஓநாய்ச் சாயல் மிகுந்த உடல் ஒடுங்கிய மார்பு, நீண்ட கால்கள், பெரிய பாதங்கள் கொண்டது. முன்னால் நின்று பார்த்தால் இரண்டு முன்னங்கால்களும் நெருங்கி நிற்கும். அகன்ற மார்பும் தடித்த எலும்பும் இருந்தால், எடைக்குக் காரணம் ஓநாய் ரத்தம் அல்ல.

விற்பவரிடம் குட்டி எவ்வளவு வளரும் என்று கேட்பதைவிட, தாய் தந்தையின் எடையைத் தராசில் காட்டச் சொல்லுங்கள். இடுப்பு எக்ஸ்ரே தரச்சான்றையும், எல்.எச்.எக்ஸ்.3 (குள்ளத்தன்மைக்கு), எஸ்.ஓ.டி.1 (தண்டுவடச் சிதைவுக்கு) என்ற இரண்டு மரபணுச் சோதனைகளின் முடிவையும் கேளுங்கள். அந்தத் தாள்கள் இல்லை என்றால் அந்தக் குட்டியை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: எங்கள் ஆண் செக்கோஸ்லோவாக்கிய உல்ஃப்டாக் 66 செ.மீ., 29 கிலோ. நண்பரின் மாலமூட் கலப்பு 47 கிலோ. சைக்கிள் முன் ஓட்டவும் தேடல் பயிற்சிக்கும் எங்களுடையது போதாது, எடை ஏற்றுங்கள் என்கிறார்கள். ஏற்றலாமா?

வேண்டாம். உங்கள் நாயின் உடல் நீங்கள் சொல்லும் இரண்டு வேலைகளுக்கும் மிகப் பொருத்தமானது.

ஒரு விலங்கின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இரண்டு மடங்கானால் எலும்பு, தசைநார்களின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். பலம் குறுக்குவெட்டைப் பொறுத்தது. ஆகவே உடல் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு கிலோவையும் தாங்க மிஞ்சும் பலம் குறைந்துகொண்டே போகும். பெரிய நாய் மொத்தமாகப் பார்த்தால் அதிக கனத்தை இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் தன் உடலையே தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் ஓடுவது, தாவுவது, திரும்புவது எல்லாம் அதற்குச் செலவு கூடிய வேலை.

இரண்டாவது காரணம் வெப்பம். இதைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ஓடும்போது தசை உண்டாக்கும் வெப்பம் எடைக்கு ஏற்பக் கூடும். அதை வெளியேற்றுவதோ நுரையீரலும் உடற்பரப்பும். 20 கிலோ நாய்க்கு உடற்பரப்பு ஏறத்தாழ 0.74 சதுர மீட்டர், 40 கிலோ நாய்க்கு 1.18 சதுர மீட்டர். எடை இரட்டிப்பானாலும் பரப்பு இரட்டிப்பாகவில்லை. ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஓநாயின் இரட்டை உரோமம் இதன்மேல் போர்த்தியிருக்கிறது. நெடுந்தூரப் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயங்களில் ஓடும் அலாஸ்கன் ஹஸ்கிகள் பெரும்பாலும் 20 - 25 கிலோவில் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். கனத்த சுமையை மெதுவாக இழுக்க உருவான மாலமூட் அந்தப் பந்தய வேகத்தில் சீக்கிரம் சூடேறிவிடும்.

ஆகவே வேலையைப் பார்த்து உடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நெடுந்தூர ஓட்டம், மோப்பத் தேடல், மலைப்பாதை என்றால் 25 - 35 கிலோ, மெலிந்த உடல். குறுகிய தூரத்துக்குக் கனமான சுமை என்றால் 38 - 45 கிலோ, அகன்ற மார்பு. செக்கோஸ்லோவாக்கிய இனத்துக்கு 40, 70, 100 கி.மீ. தாங்குதிறன் ஓட்டங்கள் நடத்தப்படுவது அதன் இயல்பான நெடுநடை ஓட்டத்தை நம்பித்தான். பின்பாதம் முன்பாதத்தின் தடத்திலேயே விழும் அந்தச் சிக்கனமான ஓட்டம் ஒடுங்கிய மார்பால் வருவது. அதில் 8 கிலோ கொழுப்பை ஏற்றினால் ஓட்டம் அகலும், களைப்பு கூடும், முழங்கை மூட்டும் மணிக்கட்டும் அடிவாங்கும். தசையை மட்டும் ஏற்ற வேண்டுமானால் உணவுத் தட்டால் முடியாது. மேட்டில் நடப்பதும் படிப்படியான இழுவைப் பயிற்சியும்தான் வழி.

கேள்வி: ஐந்து மாதக் குட்டி, 17 கிலோ. பெரிதாக வளர வேண்டும் என்று கால்சியம் மாத்திரையும் பச்சை இறைச்சியும் கொடுக்கிறோம். முன்பாதங்கள் வெளிப்பக்கம் திரும்புகின்றன, சில நாள் நொண்டுகிறது.

மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே எக்ஸ்ரே எடுங்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடல், கால்சியத்தைத் தேவைக்கு ஏற்ப வடிகட்டி எடுக்கத் தெரியாதது. உணவில் எவ்வளவு இருக்கிறதோ அதில் பெரும்பங்கை உறிஞ்சிவிடும். மிகையான கால்சியம் குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேகத்தைக் குலைக்கிறது. முன்னங்காலில் இரண்டு எலும்புகள் அருகருகே வளர்கின்றன. அவற்றில் ஒன்றின் வளர்ச்சித் தகடு, அதாவது எலும்பு நுனியில் நீளத்தைக் கூட்டும் குருத்தெலும்பு, முன்கூட்டி மூடினால் இன்னொன்று வில்லாக வளைந்து, பாதம் வெளியே திரும்பும். அது தொடங்கியிருந்தால் ஒவ்வொரு வாரமும் முக்கியம், ஏனென்றால் வளர்ச்சி மிச்சமிருக்கும்போது மட்டுமே எளிய அறுவை சிகிச்சையால் திருத்த முடியும்.

வெறும் இறைச்சி இதற்கு நேர் எதிரான தவறு. ஓநாய் இறைச்சிதானே தின்கிறது என்று வாதிடுவார்கள். ஓநாய் இரையின் எலும்பையும் உள்ளுறுப்புகளையும் சேர்த்துத் தின்கிறது. எலும்பில்லாத சதையில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. அதை மட்டும் தின்னும் குட்டி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுக்கும். எலும்பு மெலிந்து, சாதாரணக் குதிப்பில்கூட முறியும். ஒரு கையால் மாத்திரை, இன்னொரு கையால் வெறும் சதை என்று இரண்டையும் சேர்ப்பதால் சமநிலை வந்துவிடாது. அளவு யாருக்கும் தெரியாமல் போவதுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது: பெரிய இனக் குட்டிகளுக்கான முழுமையான உணவுக்கு மாறுங்கள், ஏழு முதல் பத்து நாளில் சிறுகச் சிறுக. பாக்கெட்டில் கால்சியம், ஈரம் நீக்கிய கணக்கில் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 1.8 என்பது பெரிய இனக் குட்டிகளுக்கு அமெரிக்கத் தீவன அமைப்பான ஆஃப்கோ வைத்துள்ள மேல் எல்லை. கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் 1:1-க்கும் 2:1-க்கும் இடையில் இருக்கட்டும். இந்த உணவோடு வேறு கால்சியம் எதுவும் சேர்க்கக் கூடாது. பால்பொடியும் எலும்புத்தூளும் அதில் அடக்கம்.

அடுத்தது வேகம். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலை உணவுக்கு முன் எடை பாருங்கள். வளர்ந்தபின் 32 கிலோ நிற்கக்கூடிய குட்டி ஆறு மாதத்தில் அந்த எடையின் 60 - 65 சதவீதத்தை எட்டியிருக்கும். மூன்று முதல் ஐந்து மாதம் வரை வாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ ஏறும். உங்கள் 17 கிலோ பயப்பட வேண்டிய எண் அல்ல. ஐந்து முதல் ஒன்பது மாதம் வரை ஓநாய்க்கலப்புக் குட்டி காலும் காதுமாக, பட்டினி கிடந்தது போலத் தெரியும். அது அதன் இயல்பு. அந்தத் தோற்றத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு உணவை ஏற்றுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் கேடு. கடைசி உயரம் மரபில் எழுதப்பட்டது. அதிக உணவு அதை விரைவுபடுத்துமே தவிர உயர்த்தாது. விரைவு மட்டுமே கூடினால் இடுப்பு மூட்டின் பந்தும் கிண்ணமும் பொருந்தி வளர நேரம் இருக்காது.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த உடல்வாகில் இரண்டு பாதங்களும் சமமாகச் சற்றே வெளியே திரும்புவது இயல்புதான். ஒரு பக்கம் மட்டும் திரும்புவதும், நாளுக்கு நாள் கூடுவதும், வலியோடு வருவதும் இயல்பல்ல. மேலும், நொண்டல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தால் எலும்பின் உட்பகுதி அழற்சியான பானோஸ்டைட்டிஸ் இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டுகளில் ஐந்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இது சாதாரணமாக வரும், தானாக அடங்கும். எக்ஸ்ரே இல்லாமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கேள்வி: உரோமம் மறைப்பதால் எங்கள் நாய் கொழுத்ததா மெலிந்ததா என்றே தெரிவதில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். நாய் நின்றுகொண்டிருக்கும்போது இரண்டு கட்டைவிரல்களையும் முதுகெலும்பில் வைத்து, மற்ற விரல்களை விலாவில் பரப்புங்கள். உரோமத்துக்குள் விரலைச் செலுத்தித் தோல்வரை போக வேண்டும். உங்கள் கையை விரித்துப் புறங்கையின் எலும்புகளைத் தடவினால் எப்படி உணர்கிறீர்களோ, விலா எலும்புகள் அப்படித் தட்டுப்பட வேண்டும். முஷ்டியின் கணுக்களைப் போலத் துருத்தினால் மெலிவு. உள்ளங்கைப் பக்கம் அழுத்தித் தேடுவது போல இருந்தால் கொழுப்பு. பிறகு மேலிருந்து இடுப்பின் குறுக்கத்தையும், பக்கவாட்டில் வயிறு பின்னோக்கி மேலேறுவதையும் தடவிப் பாருங்கள்.

மருத்துவர்கள் இதை 9 புள்ளி அளவுகோலில் எழுதுவார்கள். 4 அல்லது 5 சரியானது. வேலை செய்யும் ஓநாய்க்கலப்புக்கு 4 போதும். 5-க்கு மேல் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 - 15 சதவீத மிகை எடை. உயரத்துக்கு, சமதளத்தில் முன்னங்கால்கள் செங்குத்தாக நிற்க வைத்து, தோள் உச்சியில் ஒரு நேர்ப்பலகையை வைத்து ரசமட்டத்தால் சரிபார்த்து, பலகையின் அடியிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். உரோமத்தை அழுத்தி அளக்காவிட்டால் குளிர்காலத்தில் இரண்டு மூன்று செ.மீ. பொய்யாகக் கூடும்.

மெலிவாக வைப்பது கொடுமை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஒரு பாதிக்கு மறுபாதியைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இனம் வேறு என்றாலும் மூட்டின் இயக்கவியல் ஒன்றுதான்.

கேள்வி: 32 கிலோ வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு? 48 கிலோ நாய்க்கு ஒன்றரை மடங்கு தரலாமா?

ஒன்றரை மடங்கு தந்தால் அது கொழுக்கும். ஓய்வில் தேவைப்படும் சக்தி எடையின் முக்கால் அடுக்கைப் பொறுத்தது. சாதாரணக் கால்குலேட்டரில் இப்படிப் போடுங்கள்: எடையை மூன்று முறை பெருக்குங்கள் (32 × 32 × 32 = 32,768), இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள் (181, பிறகு 13.45), அதை 70-ஆல் பெருக்குங்கள். 942 கிலோ கலோரி. 48 கிலோவுக்கு இதே கணக்கு 1,276 தருகிறது. எடை 50 சதவீதம் கூடியது, தேவை 35 சதவீதம்தான் கூடியது.

வீட்டில் மிதமாக நடமாடும், கருத்தடை செய்த நாய்க்கு இந்த எண்ணை 1.6-ஆல் பெருக்குங்கள். 32 கிலோவுக்கு ஏறத்தாழ 1,500 கிலோ கலோரி. 100 கிராமுக்கு 380 கிலோ கலோரி உள்ள உலர் உணவென்றால் 400 கிராம். அன்றாடம் மணிக்கணக்கில் வேலை செய்தால் 2 முதல் 3 மடங்கு, கடுங்குளிரில் நெடுந்தூர இழுவை என்றால் அதற்கும் மேல். பயிற்சிக்குத் தரும் தின்பண்டம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எடை குறைக்க வேண்டுமானால், இருக்க வேண்டிய எடைக்குக் கணக்கிட்டு, எதாலும் பெருக்காமல் அந்த ஓய்வுத் தேவையை மட்டும் கொடுங்கள். வாரத்துக்கு 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் சரியான வேகம்.

இந்த எண்கள் தொடக்கத்துக்கு மட்டுமே. ஓநாய்க்கலப்புகளின் பசி பருவத்தோடு ஏறி இறங்கும். இலையுதிர்காலத்தில் கூடும், கோடையில் தட்டைத் திரும்பியும் பார்க்காத நாட்கள் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவி அளவைத் திருத்துங்கள்.

கேள்வி: ஏழு மாதமாகியும் எங்கள் குட்டி 9 கிலோதான். உடன்பிறந்தவை 20 கிலோ. குட்டிப்பருவப் பஞ்சு உரோமமும் உதிரவில்லை. இது ஓநாய் பக்கச் சிறுமையா?

நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளங்களும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிட்யூட்டரி குள்ளத்தன்மை. எல்.எச்.எக்ஸ்.3 மரபணுவில் உள்ள பழுதால் மூளையடிச் சுரப்பி சரியாக உருவாகாமல், வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனும் குறைந்துபோகின்றன. இந்தப் பழுது ஜெர்மன் ஷெப்பர்டில் உண்டு; சார்லோஸ், செக்கோஸ்லோவாக்கிய உல்ஃப்டாக் இரண்டிலும் அது இருப்பது 2014-இல் வெளியான ஆய்வில் உறுதியானது. பாதிக்கப்பட்டவற்றில் பல பிறக்கும் முன்பே, அல்லது பிறந்த சில நாளில் இறந்துவிடும். தப்பியவை இரண்டு மூன்று மாதத்திலிருந்து வளர்ச்சியில் பின்தங்கும். உடல் விகிதம் சரியாக இருக்கும், ஆனால் சிறியது. குட்டி உரோமம் நிற்கும், பிறகு இரு பக்கமும் சமமாக உதிர்ந்து தோல் கறுக்கும்.

கன்னத்தின் உட்புறத்தை பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பும் மரபணுச் சோதனை போதும். அதோடு குடற்புழு, இதயக்கோளாறு, கல்லீரலைச் சுற்றிப்போகும் ரத்தக்குழாய் ஆகியவற்றையும் மருத்துவர் விலக்க வேண்டும். இவையும் குட்டியைச் சிறுக்க வைக்கும். தைராய்டு மாத்திரையும் வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் சிகிச்சையும் உண்டு. சிகிச்சை இல்லாமல் நான்கைந்து ஆண்டுகளைத் தாண்டுவது அரிது. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் உறுதியற்றிருக்கக்கூடும் என்பதால் கழுத்துப்பட்டையில் இழுக்காதீர்கள், மார்புப்பட்டை போடுங்கள்.

சோதனையில் உறுதியானால், குட்டியின் தாயும் தந்தையும் பழுதைச் சுமப்பவை என்று பொருள். இருவரையும் மீண்டும் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. வளர்த்தவருக்கு இதைக் கட்டாயம் தெரியப்படுத்துங்கள். சுமக்கும் நாயைப் பழுதில்லாத நாயோடு மட்டும் சேர்த்தால் ஒரு குட்டிகூடக் குள்ளமாகப் பிறக்காது. தவிர்க்கக்கூடிய துன்பம் இது.

கேள்வி: எந்த வயதிலிருந்து சுமை தூக்கவும் இழுக்கவும் பழக்கலாம்?

கால் எலும்புகளின் வளர்ச்சித் தகடுகள் மூடியபின். இந்த அளவு நாய்களுக்கு 12 முதல் 18 மாதம். சந்தேகமிருந்தால் ஒரு எக்ஸ்ரே தெளிவாக்கிவிடும். அதுவரை சைக்கிளோடு கட்டாய ஓட்டம், உயரத் தாவல், வண்டியிலிருந்து குதித்திறங்கல் வேண்டாம். ஆனால் கட்டிப்போட்டு வைப்பதும் தவறு. நான்கு பெரிய இனங்களைப் பின்தொடர்ந்து 2012-இல் வெளியான நார்வே ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படியேறிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கூடுதலாகவும், மென்மையான ஏற்ற இறக்கத் தரையில் கயிறின்றி விளையாடியவற்றுக்குக் குறைவாகவும் இருந்தது. மண்ணில் தன் விருப்பப்படி ஓடி, களைத்ததும் தானே படுத்துக்கொள்ளும் குட்டிதான் நல்ல மூட்டோடு வளரும்.

பழக்கும்போது, ஆறேழு மாதத்தில் வெறும் பட்டையை மாட்டி நடக்கப் பழக்கலாம். ஒன்றரை வயதில் முதுகுப்பையில் உடல் எடையின் பத்தில் ஒரு பங்கு, பையின் எடையும் சேர்த்து. 30 கிலோ நாய்க்கு 3 கிலோ. இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பை தோளுக்குப் பின்னால் விலாக்கூட்டின் மேல் அமர வேண்டும். இடுப்பை நோக்கிச் சரிந்தால் எலும்புக்கூட்டின் ஆதரவில்லாத இடத்தில் சுமை விழும். இழுவைப்பட்டை தோள்மூட்டுக்குக் குறுக்கே போகாமல், மார்பெலும்பில் ஒய் வடிவில் இறங்குவதாக வாங்குங்கள். ஒடுங்கிய மார்புக்குக் கடை அளவுகள் பெரும்பாலும் தளர்ந்து, அக்குளை உரசிப் புண்ணாக்கும். மார்புச் சுற்றளவோடு கழுத்தடியிலிருந்து வால் அடிவரையிலான நீளத்தையும் கொடுத்துத் தைக்கச் சொல்லுங்கள். தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டாம்.

கேள்வி: ஓடி முடித்ததும் எங்கள் 44 கிலோ நாய் தடுமாறியது. ஈரத்துண்டு போர்த்தினோம். அது சரியா?

தண்ணீர் சரி, போர்த்தியது தவறு. ஈரத்துண்டு சற்று நேரத்தில் வெதுவெதுப்பாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். இந்த நாய்களின் உள்ளுரோமம் அடர்த்தியானது. மேலே ஊற்றும் நீர் தோலைத் தொடாமல் வழிந்துபோகும். உரோமத்தை விரலால் பிளந்து, வயிறு, தொடை இடுக்கு, அக்குள் என்று தோல் நனையும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள், காற்று வீசச் செய்யுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் குடிக்கத் தண்ணீர் வையுங்கள். வாயில் ஊற்ற வேண்டாம்.

இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். கடும் ஓட்டத்தில் 41 வரை ஏறி, நின்றதும் இறங்கலாம். இறங்காமல் நின்றாலோ, நாக்கு நுனி அகன்று தட்டையாகத் தொங்கினாலோ, ஈறு செங்கல் நிறமானாலோ, தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கு. முதலில் குளிர்வியுங்கள், பிறகு மருத்துவரிடம் கொண்டு போங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. ஆசனவாயில் வைத்த வெப்பமானி 39.4 காட்டியதும் நீரை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உடல் வெப்பம் இயல்புக்கும் கீழே இறங்கிவிடும். தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகச் சேதமும் ரத்தம் உறையாத கோளாறும் ஒன்றிரண்டு நாள் கழித்தே வெளிப்படும். இனி 15 டிகிரிக்கு மேல் இழுவை ஓட்டம் வேண்டாம்.

கேள்வி: பெரிய நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் என்கிறார்கள். ஓநாய்க்கலப்புக்கும் வருமா?

வரும். ஆழ்ந்த, ஒடுங்கிய மார்பும் பெரிய உடலும் சேர்ந்தவற்றுக்கு ஆபத்து அதிகம், ஜெர்மன் ஷெப்பர்ட் அதில் ஒன்று. வயது, அவசரமாக விழுங்கும் பழக்கம், நாளுக்கு ஒரே பெரிய வேளை, நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது வந்திருப்பது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். உயரத்தில் தட்டு வைப்பது காக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. பெரிய இனங்களில் நடந்த ஆய்வு அதற்கு எதிராகவே சொன்னது. தட்டைத் தரையில் வைத்து, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கடும் ஓட்டம் இல்லாமல் பாருங்கள். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் நுரை மட்டும் வருவது, வயிறு உப்புவது, படுக்க முடியாமல் அலைவது - இவை தெரிந்தால் காத்திருக்காதீர்கள், உடனே அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பெண் நாய்க்குக் கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச்சுவரோடு தைத்துவிடும் அறுவையையும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: சீக்கிரம் கருத்தடை செய்தால் நாய் பெரிதாக வளருமாமே?

உயரமாக வளரும், உறுதியாக அல்ல. வளர்ச்சித் தகடுகளை மூடச் சொல்வது பாலின ஹார்மோன்கள். அவை இல்லாவிட்டால் கால் எலும்புகள் நீண்டுகொண்டே போய் மூட்டுகளின் கோணம் மாறும். ஜெர்மன் ஷெப்பர்டுகளில் 2016-இல் வெளியான ஆய்வில், கருத்தடை செய்யாத ஆண்களில் 7 சதவீதத்துக்கு மூட்டுக்கோளாறு இருந்தது. ஒரு வயதுக்குள் செய்தவற்றில் 21 சதவீதம். செக்கோஸ்லோவாக்கிய, சார்லோஸ் உல்ஃப்டாக்குகளின் ரத்தத்தில் பாதிக்கும் மேல் அந்த இனத்துடையது என்பதால் மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 18 - 24 மாதம் வரை பொறுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது, 42 கிலோ. பின்னங்கால் நகங்கள் தேய்ந்து, பாதம் மடங்குகிறது. வலி இருப்பதாகத் தெரியவில்லை. வயதுதான் காரணமா?

வலியில்லாமல் பின்கால் தளர்வது தண்டுவடச் சிதைவான டி.எம். நோயின் அடையாளம். எஸ்.ஓ.டி.1 மரபணுவில் இரண்டு பழுதுப் பிரதிகள் உள்ள நாய்க்கு எட்டு வயதையொட்டித் தொடங்கக்கூடும். இடுப்பு மூட்டுத் தேய்மானத்தில் எழும்போது வலி தெரியும், நடக்க நடக்க இளகும், டி.எம்.மில் நடக்க நடக்கத் தள்ளாடும். மரபணுச் சோதனையும் முதுகுத்தண்டுப் படமும் எடுத்தால் தெளிவாகும், வட்டுப் பிதுக்கம் போன்ற திருத்தக்கூடிய காரணமும் இருக்கலாம்.

நோயை நிறுத்தும் மருந்து இல்லை. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் பின்கால்கள் செயலிழக்கும். இங்கேதான் எடையின் கொடுமை தெரியும். 28 கிலோ நாயை ஒருவர் தூக்கிப்பட்டையால் எழுப்பி வெளியே அழைத்துச் செல்லலாம். 42 கிலோவுக்கு இருவர் வேண்டும், படுக்கைப்புண்ணும் விரைந்து வரும். இப்போதே 4 - 5 கிலோ குறைத்தால் அது நிற்கும் மாதங்கள் கூடும். வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்பு போடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு முறை சிறிய நடை, ஒவ்வொரு பின்காலையும் மடக்கி நீட்டும் பயிற்சி, தேயும் நகங்களுக்குக் காலுறை. படுத்திருக்கும் நாயை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

கேள்வி: எங்கள் பெண் நாய் 23 கிலோதான். வேலியை 1.5 மீட்டரில் நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். மெலிந்த பெண் நாய்தான் கனத்த ஆணைவிட எளிதாகத் தாவும், ஏறும், தோண்டும். 2.4 மீட்டர் உயரம், மேல் நுனி உட்பக்கம் சாய்வாக. அடியில் 60 - 90 செ.மீ. அகலக் கம்பிவலையை உட்பக்கத் தரையில் படுக்க வைத்து மண் மூடுங்கள். வேலியோரம் பலகை, குடில், விறகுக் குவியல் எதுவும் இருக்கக் கூடாது, அவற்றில் கால் வைத்து ஏறும்.

கேள்வி: அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கண்மதிப்பு எடையில் மருந்து ஏற்ற விடாதீர்கள். குளிர்கால உரோமத்தில் 30 கிலோ நாய் 40 போலத் தெரியும். அந்த வேறுபாடு மருந்தளவில் மூன்றில் ஒரு பங்கு மிகை. மேடைத்தராசில் அன்றே நிறுத்தி எழுதச் சொல்லுங்கள். இந்த நாய்கள் புதிய இடத்தில் மிகவும் மிரளும், மிரட்சியில் மயக்கம் சீராகப் பிடிக்காது. ஆகவே முதல் ஊசியை நீங்கள் அருகில் இருக்கும்போதே அமைதியான அறையில் போட்டு, அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடும்படி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.